சிவனொளிபாத மலையும் ஆரியச்சக்கரவர்த்தியும்

ஈழத்து மலைகளுள் 7,359 அடி உயரமுடைய சிவனொளிபாதம் தனிச் சிறப்புடையது. உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவபிரானுடையதென்றும், பௌத்தர் புத்தருடையதென்றும், இஸ்லாமியர் ஆதமுடையதென்றும் போற்றுவர்.

1344ஆம் ஆண்டில் இபுன் பதூதா என்னும் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர், யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்திற் சந்தித்து, பாத தரிசனத்துக்கு உதவி வேண்டினார். சைவராகிய மன்னர் மறுத்தாரல்லர். பல்லக்கு ஈந்து, ஆண்டுதோறும் மலையேறும் யோகியர் 4 பேர், அந்தணர் 3 பேர், பரிவாரத்தார் 10 பேர், உணவு சுமப்போர் 15 பேர் ஆகியோரைத் துணையாக அனுப்பினார். செங்குத்தான பாறைகளில் இரும்புச் சங்கிலிகளைப் பற்றியே ஏறவேண்டியிருந்ததெனவும் பதூதா எழுதியுள்ளார்.

பிறர் வழிபாட்டுக்கு வழித்துணை தந்ததே அச் சைவ மன்னரின் பெருமை. இன்று கூட்டங்கூட்டமாக அம்மலையேறும் இந்து இளைஞராகிய நாம், பாதம் யாருடையதென வாதிடுமுன் அத்துணையை நினைத்தல் வேண்டும்.