தகர மனிதனின் விலை

ஒரு பொருளின் விலை அது செய்யப்பட்ட நாளிலேயே முடிவாகிவிடுவதில்லை. ஜப்பானிய தகர ரோபோப் பொம்மைகளின் சரித்திரம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1945-இல் யுத்தம் முடிந்தபோது ஜப்பானில் உலோகப் பஞ்சம் மிகுந்திருந்தது. அன்னியப் படையினர் உண்டு எறிந்த உணவு டப்பாக்களை வெட்டி நிமிர்த்திப் பொம்மைகள் செய்தனர் தொழிலாளர். அந்நாளைய ஏற்றுமதிப் பொருள்கள் பலவற்றில், ஜப்பான் அன்னியர் ஆக்கிரமிப்பில் இருந்ததைக் குறிக்கும் வாசகம் பொறிக்கப்பட்டது. 1952-இல் ஆக்கிரமிப்பு நீங்கியதும் அவ்வாசகமும் மறைந்தது. இன்று அது பொம்மையின் வயதைக் கூறும் சாசனமாக விளங்குகின்றது.

1956-இல் 'ஃபர்பிடன் பிளானட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தது. அதில் தோன்றிய ராபி என்ற ரோபோவை ஒத்த பொம்மைகளை ஜப்பானியர் செய்து விற்றனர். மசுதயா நிறுவனம் ஏறக்குறைய 15 அங்குல உயரமுள்ள ஐந்து வகை ரோபோக்களை வெளியிட்டது. அவற்றுள் மிக அரிதான 'மெஷின் மேன்' ஒன்று, 1990-களில் சோத்பீஸ் ஏலத்தில் 42,000 டாலருக்கு மேல் விலைபோயிற்று!

இத்துணை விலைக்குக் காரணம் யாது? முதலாவது, அருமை. தகரம் துருப்பிடிக்கும், பாட்டரி கசிந்து உள்ளுறுப்புகளை அரிக்கும், குழந்தையின் கை உடைக்கும். இவற்றிற்குத் தப்பியவை சிலவே. இரண்டாவது, பெட்டி. பொம்மை கைக்கு வந்ததும் குப்பைக்குப் போனது அட்டைப்பெட்டி. ஆகவே பெட்டியோடு கூடிய பொம்மைக்கு மதிப்பு மிகுதி. மூன்றாவது, மெய்ம்மை. பிற்காலத்தில் செய்த நகல்கள் பல உலவுவதால், விற்பவரின் நாணயமும் தெளிவான புகைப்படங்களும் விலையை உயர்த்துகின்றன.

1995-இல் தொடங்கிய ஈபே போன்ற இணைய ஏலங்கள் இவ்வணிகத்தின் போக்கை மாற்றின. முன்னர் ஓர் ஊரில் அரிதெனக் கருதப்பட்ட பொம்மை, உலகெங்கிலுமுள்ள பரண்களிலிருந்து இறங்கி வந்தபோது அவ்வளவு அரிதன்று எனத் தெரிந்தது. மெய்யாகவே அரியதற்கோ பல நாட்டினரும் போட்டியிட்டனர். இவ்வேலத்தில் ஒவ்வொருவரும் தம் உச்சவரம்பை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். வென்றவர் தருவது தம் உச்சவரம்பை அன்று. தோற்ற இரண்டாமவரின் வரம்பினும் சற்றே மிகுந்த தொகையைத்தான். எனவே விலையை நிர்ணயிப்பவர் தோற்றவரே எனலாம். விரும்புவோர் ஒருவரேயாயின், அரும்பொருளும் மலிவாகவே போய்விடும்.

இதில் ஒரு விந்தையுண்டு. குழந்தை ஆசையோடு ஆடித் தேய்ந்த பொம்மைக்கு விலை குறைவு. எவரும் தொடாமல் பெட்டியில் உறங்கியதற்கே மிகுதி. சரித்திரத்தை நாடுவோர்க்கு அத்தேய்வும் ஒரு சான்றன்றோ?

நேயர்களே! உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில் தகரப் பொம்மை ஏதேனும் இருப்பின், அதற்குப் புது வர்ணம் தீட்டிவிடாதீர்கள். வர்ணத்தின் கீழ் மறைவது விலை மட்டுமன்று, அதன் வரலாறுமாகும்.