கைரம்ப மர அறுப்பு

வெட்டிய மரத்தண்டை, ஆலையின் துணையின்றி, கைரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பலகையும் சட்டமும் ஆக்கும் தொழில்.

முறை: தண்டைக் குழியின் குறுக்கே, அல்லது உயரமான தாங்கியின் மேல் ஏற்றி, உருளாமல் இறுக்குவர். கரிக்குழம்பில் தோய்த்த நூலை இழுத்துத் தட்டிக் கோடு போடுவர். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று ரம்பத்தை இழுப்பர். மேலிருப்பவர் கோடு பிசகாமல் பார்த்துக்கொள்வார். ரம்பம் கீழிறங்கும்போது வெட்டு விழும். அறுத்த வாய் நெரிந்து ரம்பத்தைப் பிடிக்காதிருக்க ஆப்பு செருகுவர். பற்களை இருபுறமும் மாறிமாறிச் சற்றே சாய்த்து வைத்தால் ரம்பம் சிக்காமல் ஓடும்.

சங்கிலி ரம்பம்: வழிகாட்டும் சட்டம் பொருத்திய சங்கிலி ரம்பத்தால் ஒருவரே பலகை அறுக்கலாம். ஆனால் வெட்டுவாய் அகலமானதால் தூளாகப் போகும் மரம் அதிகம்.

அறுக்கும் போக்கு: மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே வளையங்களுக்குச் செங்குத்தாக அறுத்த பலகை குறைவாகவே கோணும். மரம் மட்டும் கூடுதலாக வீணாகும். நடுக்குருத்து உள்ள பலகை எளிதில் வெடிக்கும்.

உலர்த்தல்: முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை நேர்வரிசையில் வைத்து, நிழலில் அடுக்க வேண்டும். குளிர்நாடுகளில் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது வழக்கமான கணக்கு. வெப்பநாடுகளில் விரைவில் காயும்.

அளவை: தண்டின் சுற்றளவில் கால்பங்கை வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்குவது ஹாப்பஸ் முறை. இது உண்மைக் கன அளவில் சுமார் 78.5 விழுக்காட்டைத் தரும். எஞ்சியது அறுப்புச் சேதத்துக்கான கழிவு.