தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.)

எட்டாம் அல்லது பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கைத்தொழில் கற்பித்துச் சான்றிதழ் தரும் இந்தியப் பயிற்சிக்கூடம். 1950-இல் ஒன்றிய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் உருவானது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகள் இரண்டாண்டு; வெல்டர் ஓராண்டு. ஃபிட்டர் மாணவர் தொடக்கத்தில் இரும்புத் துண்டை வைஸில் பூட்டி அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பதிலேயே பல நாள் கழிப்பார். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் அளவு பிசகாத கை அதில்தான் வாய்க்கிறது. தேர்ச்சி பெற்றோர் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகலாம். தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்கள் டாட்டா டெக்னாலஜீஸுடன் இணைந்து மேம்படுத்தப்பட்டு, ரோபோ இயக்கம் போன்ற பாடங்களும் சேர்ந்தன. கல்லூரிப் பட்டத்துக்குள்ள சமூக மதிப்பு இச்சான்றிதழுக்கு இன்னும் கிட்டவில்லை.