மாட்டுத்தாவணி: ஏலம் போறது மாடு இல்லீங்க!

மதுரைக்கு பஸ்ஸில் வந்தவங்களுக்கு மாட்டுத்தாவணி தெரியாம இருக்காது. 1999ல் திறந்த பஸ் ஸ்டாண்டு. பேரைக் கேட்டு பாவாடை-தாவணி நினைப்பு வந்தால் நான் பொறுப்பில்லை :-) தாவணி என்றால் மாடுகளை வரிசையாகக் கட்டுகிற நீளக் கயிறு, அப்படியே மாட்டுச் சந்தைக்கும் பேராகிவிட்டது. தல்லாகுளத்துக்குக் கிழக்கே இருக்கும் இந்த இடத்தில்தான் சித்திரைத் திருவிழாவை ஒட்டி சந்தை கூடியது.

ஏன் சித்திரை? அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும். ஆடி உழவுக்கு முன்னாடி மாடு பழக்க நேரமும் இருக்கும். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தை திருமலை நாயக்கர் (1623-1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்தார் என்பார்கள். பக்தி ஒரு பக்கம், அழகரைப் பார்க்க வர்ற அத்தனை சம்சாரிகளும் சந்தைக்கும் கஸ்டமர்தானே!

சரி, மேட்டருக்கு வருவோம். இங்கிலாந்து மாட்டுச் சந்தையில் ஏலக்காரர் விலையை சத்தமாகக் கூவுவார், விற்ற விலையில் கமிஷன் எடுப்பார். நம்ம ஊரில் தரகர் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடத் தெரியாது. இங்கே ஏலம் போவது மாடு இல்லை, சுங்கம் வசூலிக்கிற உரிமை. பஞ்சாயத்தோ நகராட்சியோ அதை ஏலம் விடும். எடுத்தவர் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான். மாடு வரத்து குறைந்தால்தான் கையைக் கடிக்கும். அப்புறம் அடுத்த வருஷ ஏலத்தொகையும் இறங்கும், உள்ளூர் நிர்வாகத்தின் வருமானமும் போகும்.

வரத்தைக் குறைத்தது முதலில் டிராக்டர். அடுத்த அடி 2017 மே 23ல் வந்தது. மத்திய அரசு அப்போது போட்ட விதிப்படி, வெட்டுக்கு விற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் மாட்டை சந்தைக்குள் கொண்டுவர முடியும் என்று இருந்தது. கிழட்டு மாட்டை விற்ற காசோடு கொஞ்சம் போட்டுத்தான் சம்சாரி அடுத்த மாடு பிடிக்கிறான். பழசுக்கு விலை இல்லையென்றால் புதுசும் வாங்க முடியாது. பழைய மாட்டுக்குத் தீனி போடுகிற செலவு வேறு.

அந்த விதிகளில் முக்கியமானவற்றுக்கு மே 30ல் நாலு வாரம் தடை போட்டது ஐகோர்ட்டின் மதுரைக் கிளை. அதுவும் இதே மேலூர் ரோட்டில்தான், தாவணியைத் தாண்டி! ஜூலை 11ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டியது.

சந்தை போய் பேர் மட்டும் மிஞ்சின ஊர்க்காரன் சொல்கிறேன்: கிழட்டு மாட்டுக்கும் ஒரு விலை இருக்கிற வரைக்கும்தான் சந்தை. உங்க ஊர்ச் சந்தை எப்படி இருக்கு? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.