நிகழ்கால நிறைவு (ஆங்கில இலக்கணம்)

முன்னர் நடந்த அல்லது தொடங்கிய செயலைப் பேசும் நேரத்தோடு தொடர்புபடுத்தும் ஆங்கில வினையமைப்பு. ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்னும் துணைவினையும் முதன்மை வினையின் இறந்தகால எச்சமும் சேர்ந்து அமையும். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை என்பது குறிப்பு. ‘ஐ லாஸ்ட் மை கீ’ அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மெய்யியலாளர் ஹன்ஸ் ரைஷன்பாக் 1947இல் தந்த விளக்கப்படி, சாதாரண இறந்தகாலத்தில் நோக்குநேரம் (செயலை எந்த நேரத்திலிருந்து நோக்குகிறோமோ அது) செயல் நிகழ்ந்த நேரத்தோடும், நிறைவில் பேசும் நேரத்தோடும் ஒன்றுகிறது.

எனவே ‘எஸ்டர்டே’, ‘இன் 2010’ போன்ற முடிந்துபோன காலக் குறிப்புகள் இதனுடன் பொதுவாக வருவதில்லை. ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளிக்கும் ‘ஃபார்’ கால அளவுக்கும் உரியவை. ‘பத்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலமே போதுமாதலால், ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்னும் வழக்கு தமிழர் ஆங்கிலத்தில் காணப்படுகிறது. செந்தர வடிவம் ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. இத்தடுமாற்றம் தமிழருக்கு மட்டும் உரியது அன்று. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளும் இவ்விடத்தில் நிகழ்காலத்தையே ஆள்கின்றன.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ உடைமைப் பொருளில் நின்று, எச்சம் செயப்படுபொருளுக்கு அடைமொழியாக வந்த தொடரிலிருந்து இவ்வமைப்பு வளர்ந்தது. இயக்க வினைகள் நெடுங்காலம் ‘பி’ துணைவினையையே ஏற்றன. ‘இஸ் கான்’ அவ்வழக்கின் சுவடு. அமெரிக்க வழக்கில் ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகியவற்றோடு சாதாரண இறந்தகாலமும் இயல்பாக வரும்.