எஸ்டேட் வரியும் உயில் நிறைவேற்றுநரும் (1953–1985)

1953 அக்டோபர் 15 முதல் 1985 மார்ச் 15 வரையிலான காலத்தில் இறந்தவர்களின் சொத்து மீது இந்திய மத்திய அரசு விதித்த வரி எஸ்டேட் வரி. மரண வரி என்ற பெயரும் இதற்கு உண்டு. வரி இறந்தவரின் சொத்துக்கு. ஆனால் கணக்கு எழுதி, கையெழுத்திட்டு, அதிகாரி முன் நிற்க வேண்டியவர் உயிரோடிருக்கும் ஒருவர். உயில் இருந்தால் அதில் பெயர் சொல்லப்பட்ட நிறைவேற்றுநர். இல்லையென்றால் சொத்து யார் கைக்கு வந்ததோ அவர். சட்டம் இவரைக் கணக்குக்குப் பொறுப்பானவர் என்றது. இந்த வரியின் வரலாற்றை வரிவிகிதங்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். பொறுப்பாளரின் மேசையிலிருந்து பார்த்தால்தான் அது ஏன் 32 ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டது என்பது விளங்கும்.

இங்கிலாந்திலிருந்து வந்த அச்சு

1953ஆம் ஆண்டுச் சட்டம் சி. டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. அதன் சொற்களும் கட்டமைப்பும் பெரும்பாலும் பிரிட்டனின் 1894ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஒருவர் இறக்கிறார், அவருடைய சொத்து இன்னொருவருக்குக் ‘கடந்து’ செல்கிறது, அப்படிக் கடக்கும் நேரத்தில் அரசு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதே அச்சட்டத்தின் எண்ணம்.

உயில் நிறைவேற்றுநர் என்பவரும் அதே வழியில் வந்தவர்தான். மிதாட்சர முறையில் வாழ்ந்த இந்துக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்தை உயிலால் கொடுக்க முடியாது. ஒருவர் இறந்தால் அவர் பங்கு மிச்சமிருப்போரின் பங்கோடு சேர்ந்துவிடும். சென்னை, பம்பாய் நகரங்களிலும் வங்காளத்திலும் 1870ஆம் ஆண்டு இந்து உயில் சட்டம் வந்த பிறகே ஆங்கில முறையிலான நிறைவேற்றுநரும், உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் பெறும் புரொபேட்டும் இந்துக்களின் வாழ்க்கையில் நிலைபெற்றன. பாகம் பிரியாத குடும்பத்தில் தன் பங்கை உயிலாக எழுதும் உரிமை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தால்தான் கிடைத்தது. அதாவது எஸ்டேட் வரி வந்த நாளில், பெரும்பாலான இந்துக் குடும்பச் சொத்துக்கு உயிலும் இல்லை, நிறைவேற்றுநரும் இல்லை. படிவம் மட்டும் அவரை எதிர்பார்த்து அச்சிடப்பட்டிருந்தது.

ஆறு மாதக் கணக்கு

இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எஸ்டேட் வரிக் கட்டுப்பாட்டாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வீடு, நிலம், நகை, வங்கி இருப்பு, பங்குப் பத்திரம், கொடுத்த கடன், காப்பீட்டுத் தொகை ஆகிய எல்லாவற்றையும் இறந்த நாளின் சந்தை விலையில் எழுத வேண்டும். இது வரையில் எந்தக் குமாஸ்தாவும் செய்துவிடுவார். சிக்கல், இறந்தவரிடம் இல்லாத சொத்தில்தான் இருந்தது. இறப்பதற்கு முந்திய இரண்டாண்டுகளுக்குள் அவர் கொடுத்த கொடைகளும் அவருடைய சொத்தாகவே கருதப்பட்டன. மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் கடைசிவரை வாழ்ந்திருந்தால், கொடுத்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் அது உண்மையான கொடைதானா என்ற கேள்வி எழும். தகப்பனார் மகன் வீட்டுத் திண்ணையில் எந்த உரிமையில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுப்பாளர் விளக்க வேண்டியிருந்தது. நம் குடும்பங்களில் இந்தக் கேள்வியை யாரும் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கழிவுகளின் பட்டியலும் உண்டு. இறந்தவரின் கடன்களைக் கழிக்கலாம். ஈமச் செலவைக் கழிக்கலாம், ஆனால் 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது. தம்மைச் சார்ந்து வாழ்ந்த பெண்களின் திருமணத்துக்கென்று முறைப்படி ஒதுக்கி வைத்த தொகைக்கும், ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்புக்குள், விலக்கு இருந்தது. எஸ்டேட் வரியைக் கட்டுவதற்கென்றே எடுத்த ஆயுள் காப்பீட்டுக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு. தன் சாவுக்கு வரும் வரியைக் கட்டுவதற்குத் தானே உயிரோடிருக்கும்போது தவணை கட்டி வருவது அன்றைய வசதி படைத்தோரின் திட்டங்களில் ஒன்று.

இதை எல்லாம் விடப் பொறுப்பாளரைத் திணறடித்தது ஒரு வட்டம். உயில் மெய்ப்பிப்புக்கு நீதிமன்றம் போனால், வரி கட்டப்பட்டது, கட்டப்படும், அல்லது வரியே இல்லை என்று கட்டுப்பாட்டாளர் தரும் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லும். வரி கட்டப் பணம் வேண்டும். பணம் வங்கியில் இறந்தவர் பெயரில் இருக்கிறது. வங்கியோ புரொபேட்டைக் காட்டு என்கிறது. ‘கட்டப்படும்’ என்ற சொல் மட்டுமே இதில் ஒரு கதவு; அதைத் திறக்கும் அதிகாரம் கட்டுப்பாட்டாளரின் மனநிறைவைப் பொறுத்தது. புரொபேட்டுக்குச் செலுத்திய நீதிமன்றக் கட்டணத்தை எஸ்டேட் வரியில் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொறுப்பாளர் தன் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மேல் வரிக்குப் பொறுப்பாக மாட்டார். ஆனால் அவருடைய கவனக்குறைவால் கைக்கு வராமல் போனதும் ‘வந்ததாகவே’ எண்ணப்படும். சொந்தக்காரர்களுக்குள் ஒருவர் நகைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அதற்கும் இவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கொழும்பில் ஒரு முன்னோட்டம்

இந்தியச் சட்டம் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலை இலங்கையில் சந்தித்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். இலங்கை, இந்தியா, தூரக் கிழக்கு நாடுகள் எனப் பல இடங்களில் தொழில் நடத்திய அருணாசலம் செட்டியாரும் அவருடைய மகனும் பாகம் பிரியாத குடும்பத்தினர். 1934இல் மகன் இறந்தார். 1938இல் தந்தையும் இறந்தார். வீட்டில் அப்போது ஆண் வாரிசு இல்லை. பெண்கள் மட்டுமே இருந்தனர். பின்னர் அவர்கள் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள்.

தந்தை இறப்பதற்குச் சற்று முன்புதான் இலங்கையில் 1938ஆம் ஆண்டு எஸ்டேட் வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர் இறந்தால் குடும்பச் சொத்துக்கு வரி இல்லை என்று அதன் 73ஆம் பிரிவு கூறியது. இலங்கை நிலச் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற கருத்தே கிடையாது. ஆகவே நிலமும் வீடும் அசையும் பொருளாக இருந்திருந்தால் குடும்பச் சொத்தாக இருந்திருக்குமா என்று பார்க்கும்படி அப்பிரிவு வகுத்திருந்தது.

அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது. மகன் போன பிறகு தந்தை ஒருவரே ஆண்; முழுச் சொத்தையும் விருப்பம் போல விற்கலாம்; எனவே அது அவருடைய தனிச் சொத்து, வரி கட்டு. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1957இல் முடிந்தது. குடும்பம் ஒரே ஆணோடு நின்றாலும் அது அதே குடும்பம்தான். பெண்களுக்கு அதிலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை உண்டு. ஒரு பிள்ளை தத்து வந்தால் அவனுக்கும் பங்கு உண்டாகும். ஆகவே அது குடும்பச் சொத்தே என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வரி விதிக்க முடியாமல் போனது. மகன் இறந்ததையொட்டிக் கோரப்பட்ட வரியும் தனி வழக்கில் நிற்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் மகனின் பங்கு இவ்வளவு என்று அளவிட முடியாது என்பதே அதில் சிக்கல்.

மகனின் சாவுக்கும் தீர்ப்புக்கும் இடையே 23 ஆண்டுகள். காரைக்குடி வட்டாரத்துப் பெட்டகங்களில் இருந்த பேரேடுகள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும். ‘இது யாருடையது’ என்ற ஒரு கேள்வியைத் தவிர. அந்தக் கேள்வி அவற்றை எழுதியவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

கற்பனைப் பாகப்பிரிவினை

பங்கை அளவிட முடியாது என்ற வாதத்துக்கு இந்தியச் சட்டம் 1953இலேயே வழி செய்திருந்தது. இறப்பதற்குச் சற்று முன் பாகப்பிரிவினை நடந்ததாகக் கற்பனை செய். அதில் இறந்தவருக்கு என்ன கிடைத்திருக்குமோ அதற்கு வரி கட்டு. பிரியாத குடும்பத்தைக் காகிதத்திலாவது பிரிக்க வேண்டிய வேலை பொறுப்பாளருக்கு வந்தது. அதோடு, வரிவிகிதத்தைக் கணிக்கும்போது மட்டும் இறந்தவரின் மக்கள், பேரன்களின் பங்குகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு விதி. உயிரோடிருப்பவர்களின் சொத்தால் இறந்தவரின் விகிதம் ஏறியது.

அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1953 அக்டோபர் 3இல் காலமானார். எஸ்டேட் வரி நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் சொத்து தப்பியது. அவருடைய மனைவி 1956 தொடக்கத்தில் இறந்தபோது கணக்கு எழுத வேண்டியவர்கள் ஆனவர்கள் பிள்ளைகள். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி விதவைக்குக் கிடைத்த உரிமை கூட்டுரிமைப் பங்குதானா என்பது கேள்வி. பங்குதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1977இல். நாட்டின் தலைசிறந்த சட்ட அறிஞர் ஒருவரின் வீட்டுக் கணக்கு 21 ஆண்டு இழுத்தது என்றால் மற்றவர்கள் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

85 விழுக்காடும் 20 கோடியும்

தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை வரியில்லை. உச்ச விகிதம் 40 விழுக்காடு. பிறகு விலக்கு வரம்பு 50,000 ரூபாயாகக் குறைந்தது. டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1964இல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 85 விழுக்காடு என்றானது. எண் பயமுறுத்தும், வசூல் அப்படியில்லை. அந்த உயரத்தில் சொத்து வைத்திருந்தவர்கள் அறக்கட்டளை, முன்கூட்டியே பாகப்பிரிவினை, கொடை என வழி கண்டிருந்தார்கள். மாட்டிக்கொண்டது, திட்டமிடாமல் திடீரென்று இறந்தவர்களின் குடும்பம் என்றே தோன்றுகிறது. 1957 முதல் செல்வ வரியும் சேர்ந்துகொண்டதால், ஒரே வீட்டுக்கு இரண்டு சட்டங்களின் கீழ் இரண்டு முறை மதிப்பு காண வேண்டியிருந்தது.

1985ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் வி. பி. சிங், இந்த வரியால் கிடைப்பது சுமார் 20 கோடி ரூபாய் மட்டுமே, அதை நிர்வகிக்கும் செலவோ அதிகம் என்று காரணம் காட்டினார். மாநிலங்களின் வளர்ச்சிக்கு உதவும் என்று கொண்டுவந்த வரி அது. மார்ச் 16 முதல் நிகழும் இறப்புகளுக்கு எஸ்டேட் வரி இல்லை என்றானது.

அதற்கு முந்தைய இறப்புகளின் கோப்புகள் மூடப்படவில்லை. மக்களின் பங்குகளைக் கூட்டும் விதி சமத்துவ உரிமைக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1970களில் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பைப் புரட்டி, விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது 1990களில். வரி ஒழிந்து கிட்டத்தட்டப் பத்தாண்டு ஆகியிருந்தது.