ஒரே ஊர், இரண்டு கம்பெனி, இரண்டு அகலம்

ஆவடியிலயோ அம்பத்தூர்லயோ ரயில் ஏறி தாம்பரம் போனவங்களுக்கு இந்த அனுபவம் நல்லாவே தெரியும். சென்ட்ரல்ல இறங்கி, கூட்டத்தோட சுரங்கப்பாதையில நடந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, பூங்கா நிலையத்துல இன்னொரு வண்டியைப் பிடிக்கணும். ஒரே ஊருக்குள்ள எதுக்கு இந்த நடை? இதுக்குப் பதில் தேட பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போகணும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பாதையைப் போட்டது லண்டனில் பங்கு திரட்டிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி, அதாவது அகலப்பாதை. பெங்களூர் சாலையில் முக்கியமான ராணுவ ஊராக இருந்த பூந்தமல்லி, இந்தப் பாதைக்குத் தெற்கே தள்ளி நின்றுபோச்சு.

இந்தக் கம்பெனிகளுக்கு அரசு ஒரு உத்தரவாதம் கொடுத்திருந்தது. போட்ட முதலுக்கு சுமார் 5 சதவீத வட்டி உறுதி. வருமானம் குறைந்தால் மீதியை அரசு கட்டும், நிலமும் இலவசம். அந்தப் பணம் இங்கே வசூலான வரிப்பணம் என்பதை மறந்துடக் கூடாது. நஷ்டமே வராது என்ற நிலையில் பக்கத்துக் கம்பெனியோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் என்ன இருக்கு?

அடுத்து வந்தவர்கள் வேற அளவில் போட்டார்கள். 1865-ல் இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடி அகலத்தில் ஒரு பாதை திறந்தது. தெற்கே நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு கிரேட் சதர்ன் கம்பெனி அகலப்பாதை போட்டிருந்தது. இந்த இரண்டும் 1874-ல் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. அப்போது அரசு செலவைக் குறைக்க மீட்டர்கேஜ் பக்கம் சாய்ந்திருந்தது. அதனால் இருந்த பாதைகளையும் பெயர்த்து மீட்டர்கேஜாக மாற்றினார்கள்.

விளைவு என்னன்னா, சென்னைக்கு மேற்கே அகலப்பாதை, தெற்கே மீட்டர்கேஜ். ஒன்றில் ஓடும் பெட்டி இன்னொன்றில் ஓடாது. அரக்கோணம் மாதிரி இரண்டும் சந்திக்கிற இடத்தில் சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கி, அடுத்த வண்டியில் ஏற்றணும். கூலி, நேரம், சேதம் எல்லாம் வியாபாரி தலையில் விழுந்தது.

நகரத்துக்குள்ளும் அதே கோடுதான். மெட்ராஸ் ரயில்வேக்கு 1873-ல் சென்ட்ரல். சவுத் இந்தியனுக்கு 1908-ல் எழும்பூரில் புது நிலையம். அதே 1908-ல் மெட்ராஸ் ரயில்வேயின் பெரும்பகுதி சதர்ன் மராட்டா கம்பெனியோடு சேர்ந்து 'எம் அண்ட் எஸ்எம்' ஆனது.

இதில் புறநகர் மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் முக்கியம். சவுத் இந்தியன் ரயில்வே 1931-லேயே கடற்கரை–தாம்பரம் இடையே மின்சார ரயில் விட்டது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமெல்லாம் குடியிருப்புகள் அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தன. மேற்குப் பாதைக்கு திருவள்ளூர் வரை மின்சார ரயில் வந்தது 1979-ல்! 48 வருஷ இடைவெளி.

கம்பெனிகள் மேல மட்டும் பழியைப் போட்டுட்டுப் போயிட முடியாது. 1944-ல் இரண்டையும் அரசே எடுத்துக்கொண்டது. 1951-ல் இரண்டும் தெற்கு ரயில்வேக்குள் வந்துவிட்டன. 1960-களில் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஷிஃப்டுக்கு ரயிலை நம்பி இருந்தார்கள். அப்படியும் 28 வருஷம் ஆச்சு. முதலாளி மாறினாலும், எந்தப் பாதை முக்கியம் என்ற பழைய வரிசை சீக்கிரம் மாறவில்லை.

தாம்பரம் பாதையில் மீட்டர்கேஜ் மின்சார ரயில்கள் 2004-ல் நின்றன. இப்போது இரண்டு பக்கமும் அகலம் ஒன்றுதான். ஆனால் அகலம் மாறினாலும் நிலையங்கள் இடம் மாறவில்லை. சுரங்கப்பாதை நடை அப்படியே இருக்கு. பூந்தமல்லியைத் தண்டவாளத்தோடு சேர்க்கும் வேலை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடத்துக்கு வந்து சேர்ந்தது. புதுத் தடம் போடும்போது நாம கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இது பக்கத்துத் தடத்தோட எங்கே கைகோக்குது?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.